அவுட்போட் எஞ்சினின் கியர் ஒயில் பால் நிறமாக வருகிறது: மாற்றிவிட்டுத் தொடர்ந்து ஓடலாமா?

நாவலடி வலைஞன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்களுடைய ஃபைபர் படகில் 15 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் மண்ணெண்ணெய் எஞ்சின் பூட்டியிருக்கிறோம். சென்ற வருடம் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. மட்டக்களப்பு வாவியிலும், பாலமீன்மடு முகத்துவாரத்தைத் தாண்டிக் கரையோரக் கடலிலும் ஓடுகிறது. எஞ்சினின் இழுவையில் குறையில்லை. கியர் விழுவதிலும் தடங்கலில்லை. நேற்று கியர் ஒயில் மாற்றுவதற்காகக் கீழ்த் திருகைக் கழற்றியபோது, பால் தேநீரின் நிறத்தில் ஒயில் வந்தது. திருகின் நுனியில் சாம்பல் நிறப் பசை போன்ற ஒன்றும் ஒட்டியிருந்தது.

பக்கத்து வாடியில் இருக்கும் மூத்த மீனவர் ஒருவர், "எல்லா எஞ்சினிலும் இப்படித்தான் வரும், புது ஒயிலை ஊற்றிவிட்டு ஓடு" என்கிறார். அவருடைய அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் பருவம் தொடங்கியிருக்கும் இந்த நேரத்தில் கடலில் கியர் இறுகிப்போனால், முகத்துவாரத்தின் அலைக்குள் படகைத் திருப்பக்கூட வழியிருக்காது என்ற பயம் எனக்கு இருக்கிறது. அறிந்தவர்கள் சரியான முறையை முழுமையாகச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

வாழைச்சேனைத் திருத்துநர் எழுதியது:

தம்பி, பால் நிறம் என்றால் ஒயிலுக்குள் தண்ணீர் கலந்திருக்கிறது. அது எல்லா எஞ்சினிலும் வருவது அல்ல. எந்த எஞ்சினிலும் வரக்கூடாதது. திருகில் ஒட்டியிருந்த சாம்பல் நிறப் பசையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அந்தத் திருகின் நுனியில் காந்தம் இருக்கிறது. கியர்ப் பல்லுகள் ஒன்றோடொன்று உராயும்போது உதிரும் நுண்ணிய இரும்புத் தூளை அது பிடித்து வைக்கிறது. விரல்களுக்கிடையே தேய்த்தால் மா போல வழுக்குமானால் இயல்பான தேய்மானம். நறுக்குத் துண்டாகவோ செதிலாகவோ கைக்குத் தட்டுப்பட்டால் பல் உடைந்திருக்கிறது அல்லது பெயாரிங் சிதையத் தொடங்கியிருக்கிறது. அப்படியானால் எஞ்சினை ஓட்டவே கூடாது.

மாற்றும் முறையை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் கரையில் நான் காணும் பழுதுகளில் பெரும்பங்கு ஒயிலின் தரத்தால் வருவதில்லை, ஊற்றும் விதத்தால் வருகிறது. எஞ்சினைச் சிறிது நேரம் தண்ணீரோடு ஓடவிட்டு ஒயிலை இளஞ்சூடாக்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் தண்ணீர்ப் பம்புக்குள் சுழலும் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லர் கருகிவிடும். பிறகு எஞ்சினைச் செங்குத்தாக நிறுத்தி, கீழே ஒரு வெள்ளைப் பாத்திரத்தை வைத்து, முதலில் கீழ்த் திருகையும் அதன் பின் மேலுள்ள மட்டத் திருகையும் கழற்ற வேண்டும். மேலே காற்றுப் போகும் வழி திறந்தால்தான் கீழே ஒயில் முழுவதுமாக இறங்கும். பாத்திரம் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம், இறங்கும் ஒயிலின் நிறமும் அதில் மிதப்பவையும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதே.

ஊற்றுவது கீழ்த் துளை வழியாகத்தான். குழாயோ கைப்பம்போ பூட்டி, மேல் துளையால் குமிழ் இல்லாமல் ஒயில் வழியும் வரை மெதுவாக ஏற்ற வேண்டும். மேல் துளையால் ஊற்றினால் கெட்டியான ஒயில் இறங்கும் வழியிலேயே காற்று அடைபட்டு, பாதி நிறைந்தவுடனேயே நிறைந்துவிட்டதாகக் காட்டும். எஞ்சினை ஓட்டியதும் அந்தக் காற்று மேலெழும். பல்லுகள் ஒயிலின்றிச் சுழலும். நிறைந்த பிறகு முதலில் மேல் திருகைப் பூட்டி, அதன் பிறகே கீழ்க் குழாயை எடுத்து, விரைவாகக் கீழ்த் திருகைப் பூட்டுங்கள். மேலே மூடியிருந்தால் கீழே அதிகம் ஒழுகாது. இரண்டு திருகுகளின் வொஷர்களையும் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போட வேண்டும். நசுங்கிப்போன பழைய வொஷரை மீண்டும் போட்டு, ஒழுகுகிறது என்று திருகை முறுக்கினால் அலுமினிய மறை அறுந்துவிடும். யமஹா நூல்களில் இந்தத் திருகுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் இறுக்கம் 9 நியூட்டன் மீற்றர். முழுக்கை பலத்தோடு முறுக்கும் வேலையல்ல இது.

இன்னொரு எச்சரிக்கை. பழைய ஜோன்சன், எவின்றூட் எஞ்சின்கள் சிலவற்றில் கியர்ப் பெட்டியின் பக்கத்தில் நட்சத்திரத் தலை கொண்ட ஒரு திருகு இருக்கும். அது ஒயில் திருகு அல்ல, கியர் மாற்றும் கவையின் அச்சு. அதைக் கழற்றினால் உள்ளே கவை விழுந்துவிடும். கியர்ப் பெட்டியைப் பிரிக்காமல் அதைத் திரும்பப் பொருத்த முடியாது.

இனி உங்கள் தண்ணீருக்கு வருவோம். அது புகக்கூடிய இடங்கள் நான்கு: திருகுகளின் வொஷர்கள், புரொப்பெல்லர் ஷாஃப்டின் சீல் (ஒயில் ஒழுகாமலும் தண்ணீர் புகாமலும் தடுக்கும் ரப்பர் வளையம்), தண்ணீர்ப் பம்புக்குக் கீழே இருக்கும் டிரைவ் ஷாஃப்டின் சீல், கியர் மாற்றும் கம்பியின் சீல். வாவிப் பக்கத்து எஞ்சின் என்றால் நான் முதலில் பார்ப்பது புரொப்பெல்லர் பக்கத்தைத்தான். கழற்றிப் பாருங்கள், தங்கூசி (நைலோன்) நூல் சுற்றியிருக்கிறதா என்று. படம் போட முடிந்தால் போடுங்கள்.

ஒலுவில் கடலோடி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். திருத்துநர் காக்கா சொன்னதில் ஊற்றும் முறையைப் பற்றி எனக்கு மறுப்பில்லை. என்னுடைய ஐயம் வேறு. புத்தகத்தில் 100 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அல்லது 6 மாதத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்லியிருக்கிறது. எங்களுடைய 40 குதிரைவலு எஞ்சின்களில் மணித்தியாலம் காட்டும் கருவி எதுவும் இல்லை. ஆகவே நாங்கள் பருவம் தொடங்க முன்னர் ஒரு தடவை, வாடைக்காற்று எழும்பிப் படகைக் கரைக்கு ஏற்றும்போது ஒரு தடவை என்று மாற்றி வருகிறோம். இடையில் குறைந்தால் மேலே கொஞ்சம் ஊற்றிக்கொள்வோம். இதில் பிழை இருந்தால் சொல்லுங்கள்.

வாழைச்சேனைத் திருத்துநர் எழுதியது:

வஅலைக்கும் ஸலாம். தம்பி, கணக்கைப் பார்ப்போம். படகு போய்வருவதற்கும் வலை சுற்றுவதற்கும் நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலம் எஞ்சின் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டாலே, கடலுக்குப் போன 25 நாட்களில் 100 மணித்தியாலம் முடிந்துவிடுகிறது. அதாவது பங்குனியிலிருந்து புரட்டாதி வரை இடைவிடாமல் தொழில் செய்யும் ஒருவருக்கு, 6 மாதம் என்ற கணக்கு எந்தவிதத்திலும் பொருந்தாது. அந்த 6 மாதம், வாரக் கடைசியில் பொழுதுபோக்குக்காகப் படகோட்டுபவருக்காகச் சொல்லப்பட்டது. தொழிலுக்கு ஓடும் எஞ்சினுக்கு மணித்தியாலம்தான் கணக்கு. கருவி இல்லாவிட்டால் கடலுக்குப் போன நாட்களை நாட்காட்டியில் குறித்து வந்தாலே போதும்.

புதிய எஞ்சினாக இருந்தால் முதல் மாற்றத்தை மாதிரிக்கு ஏற்ப 10 அல்லது 20 மணித்தியாலத்திலேயே செய்துவிட வேண்டும். புதுப் பல்லுகள் ஒன்றுக்கொன்று பழகும்போது அதிக தூள் உதிர்கிறது. அந்தத் தூளோடு ஓடவிட்டால் பெயாரிங்கின் வழவழப்பைத் தின்றுவிடும்.

"குறைந்தால் மேலே ஊற்றிக்கொள்வோம்" என்றீர்களே, எனக்கு உறுத்துவது அதுதான். கியர் ஒயில் எரிவதில்லை. அது குறைய வேறு வழியே கிடையாது. குறைந்திருந்தால் வெளியே போயிருக்கிறது. ஒயில் வெளியே போன வழியால் தண்ணீர் உள்ளே வரும். எப்படி வருகிறது என்று பலர் கேட்பதுண்டு. எஞ்சின் ஓடும்போது கியர்ப் பெட்டி சூடாகி, உள்ளே இருக்கும் சிறிதளவு காற்று விரிந்து, நைந்த சீலின் வழியே வெளியேறுகிறது. வலை போடுவதற்காக எஞ்சினை நிறுத்தியதும், பெட்டி தண்ணீருக்குள் இருப்பதால் விரைவாகக் குளிர்கிறது. உள்ளே அமுக்கம் குறைந்து, அதே சீலின் வழியே கடல் தண்ணீரை உறிஞ்சி எடுக்கிறது. ஒரு தடவைக்குச் சில துளிகள்தான். நாளொன்றுக்குப் பல தடவை நிறுத்தி ஓடும் மீன்பிடிப் படகில் அந்தத் துளிகள் சேர்ந்துவிடும்.

கல்முனை உதிரிப்பாகம் எழுதியது:

வணக்கம். ஒயிலின் வகையைப் பற்றி யாரும் எழுதாததால் நான் சேர்க்கிறேன். எங்களிடம் வருபவர்களில் பலர் முச்சக்கரவண்டிக்கோ உழவு இயந்திரத்துக்கோ போடும் கியர் ஒயிலைக் கேட்கிறார்கள். சிலர் கெட்டித்தன்மையைக் குறிக்கும் இலக்கத்தில் 140 ஐக் கேட்கிறார்கள், கெட்டியாக இருந்தால் நல்லது என்ற எண்ணத்தில். 140 வேண்டாம். நான் அறிந்தவரையில் இங்கே ஓடும் எஞ்சின்களின் நூல்கள் எஸ்ஏஈ 90 அல்லது 80டபிள்யூ-90 ஹைப்போயிட் கியர் ஒயிலையே சொல்கின்றன. யமஹா நூல்களில் ஜீஎல்-4 தரமும், சுசுகி, டொஹாட்சு நூல்களில் ஜீஎல்-5 தரமும் குறிக்கப்பட்டிருக்கும். ஜீஎல்-5 இல் கடும் அழுத்தத்தைத் தாங்கும் கந்தக, பொசுபரசுச் சேர்மானங்கள் அதிகம். கூடுதல் என்பதால் எல்லாவற்றுக்கும் மேலானது என்று கொள்ள வேண்டாம். உங்கள் எஞ்சினின் நூலில் என்ன எழுதியிருக்கிறதோ அதை வாங்குங்கள்.

இன்னொரு குழப்பம், எஞ்சின் ஒயிலின் இலக்கமும் கியர் ஒயிலின் இலக்கமும் ஒரே அளவுகோல் என்று நினைப்பது. 90 என்ற கியர் ஒயிலின் கெட்டித்தன்மை ஏறக்குறைய 40 அல்லது 50 இலக்க எஞ்சின் ஒயிலுக்குச் சமம். அதற்காக எஞ்சின் ஒயிலைக் கியர்ப் பெட்டியில் ஊற்றலாம் என்று பொருளில்லை. பல்லுகள் நசுக்கும் அழுத்தத்தைத் தாங்கும் சேர்மானம் அதில் இல்லை. பெற்றோலோடு கலக்கும் டூரீ (டூ ஸ்ட்ரோக்) ஒயிலுக்கும் இதே பதில்தான்.

வாழைச்சேனைத் திருத்துநர் எழுதியது:

கல்முனை நண்பர் சொன்னவற்றோடு உடன்படுகிறேன், ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இலக்கம் ஒன்றாக இருந்தாலும் தரை வாகன ஒயிலுக்கும் கடல் எஞ்சினுக்கென்று தயாரிக்கப்படும் ஒயிலுக்கும் வேறுபாடு இருக்கிறது. கடல் எஞ்சின் ஒயிலில், சிறிதளவு தண்ணீர் புகுந்தாலும் அதைத் தன்னோடு கலந்து வைத்துக்கொண்டு உலோகத்தின் மேல் படலம் அறாமல் காக்கும் சேர்மானமும், துரு தடுக்கும் சேர்மானமும் இருக்கின்றன. தரை வாகனத்தின் கியர்ப் பெட்டி தண்ணீருக்குள் மூழ்கி நிற்பதில்லை என்பதால் அந்த ஒயில் அதற்காக அமைக்கப்படவில்லை. 15 குதிரைவலு யமஹாவுக்குப் பிடிப்பது 250 மில்லி லீற்றர். அந்த அளவுக்கான விலை வித்தியாசத்தையும் ஒரு சோடிப் பல்லின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நாவலடி வலைஞன் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. புரொப்பெல்லரைக் கழற்றினேன். பின்னால் தடித்த வொஷருக்கும் சீலுக்கும் இடையில் தங்கூசி நூல் இறுகிச் சுற்றி, வெயிலில் உருகியது போலக் கட்டியாகிக் கிடந்தது. கத்தியால் வெட்டி எடுத்தேன். சீலின் உதடு ஓரத்தில் சிறிது கிழிந்தது போலத் தோன்றுகிறது, உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. வெளிப்படையாகத் தெரியாத சீல்கள் நன்றாக இருக்கின்றனவா என்பதை எப்படி அறிவது? எல்லாவற்றையும் மாற்றுவதா?

வாழைச்சேனைத் திருத்துநர் எழுதியது:

காற்றமுக்கச் சோதனை செய்ய வேண்டும். ஒயிலை முழுவதும் இறக்கிவிட்டு, ஒரு துளையைத் திருகால் மூடி, மற்றத் துளையில் அளவுமானி உள்ள கைப்பம்பைப் பூட்டி, சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தல் அளவுக்குக் காற்றை ஏற்றி ஐந்து நிமிடமாவது விடுங்கள். முள் இறங்கினால் ஒழுக்கு இருக்கிறது. சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். குமிழ் எழும்பும் இடம் ஒழுகும் இடம். கியர்ப் பெட்டியைத் தண்ணீர் வாளிக்குள் வைத்தும் பார்க்கலாம். காற்று ஏறியிருக்கும்போதே புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் சுழற்றுங்கள், கியர்க் கம்பியை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். நின்ற நிலையில் ஒழுகாத சீல், ஷாஃப்ட் சற்று அசைந்ததும் ஒழுகும். தேய்ந்த பக்கம் அப்போதுதான் வெளிப்படும்.

ரயர்க் கடையின் கொம்பிரசரை நேரடியாகப் பூட்டவே வேண்டாம். அதன் அமுக்கம் நல்ல சீலையும் இடத்திலிருந்து தள்ளிவிடும்.

சீலை மாற்றும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. பழைய சீல்களைக் கழற்றும்போது ஒவ்வொன்றின் உதடும் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இரண்டு சீல்கள் அடுத்தடுத்து இருக்கும், அவற்றின் திசை மாதிரிக்கு மாதிரி வேறுபடும். மற்றது, சீல் உராயும் இடத்தில் ஷாஃப்டை நகத்தால் தடவிப் பாருங்கள். முகத்துவாரத்தின் மணல் சீலின் உதட்டுக்குள் புகுந்தால், சுழலும் ஷாஃப்டில் ஒரு பள்ளத்தைச் செதுக்கிவிடும். நகம் பள்ளத்தில் விழுந்தால் புதுச் சீலும் நிற்காது. ஷாஃப்டை மாற்ற வேண்டும், அல்லது நல்ல கடைச்சல் வேலைக்காரரிடம் கொடுத்து மெல்லிய உறை ஏற்ற வேண்டும். இந்த ஒன்றைப் பார்க்காமல் சீலை மட்டும் மாற்றிவிட்டு, "புதுச் சீல் போட்டும் தண்ணீர் வருகிறது" என்று திரும்பி வருபவர்கள் அதிகம்.

பாசிக்குடா படகுச்சேவை எழுதியது:

வணக்கம். நாங்கள் சுற்றுலாப் பயணிகளுக்காக ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பூட்டிய படகுகளை நடத்துகிறோம். பவளப்பாறைப் பக்கம் குறுகிய தூரம் ஓடி, நிறுத்தி, மறுபடி ஓடுவதுதான் எங்கள் வேலை. எனவே மணித்தியாலம் குறைவாகவும் நிறுத்தி ஓடும் தடவைகள் அதிகமாகவும் இருக்கின்றன. திருத்துநர் அண்ணன் விளக்கிய உறிஞ்சல் எங்களுக்குத்தான் அதிகம் பொருந்தும் என்று இப்போது விளங்குகிறது. 100 மணித்தியாலம் வரை காத்திராமல் இடையிலேயே சோதிக்கும் எளிய முறை ஏதாவது இருக்கிறதா? ஒவ்வொரு தடவையும் முழுவதையும் இறக்க முடியாது.

புதிதாக வரும் பையன்களுக்காக ஒன்றையும் குறிப்பிட விரும்புகிறேன். ஃபோர் ஸ்ட்ரோக்கில் எஞ்சின் ஒயில் வேறு, கியர் ஒயில் வேறு. எஞ்சின் ஒயிலை மாற்றியதைக் கியர் ஒயிலையும் மாற்றியதாகப் புத்தகத்தில் பதிந்துவிடக் கூடாது. எங்கள் பதிவுப் புத்தகத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி வைத்திருக்கிறோம்.

வாழைச்சேனைத் திருத்துநர் எழுதியது:

இருக்கிறது. படகு இரவு முழுவதும் எஞ்சின் செங்குத்தாக நிற்கும்படி கரையில் கிடந்த பிறகு, காலையில் எஞ்சினை ஓட்ட முன்னர், கீழ்த் திருகை மட்டும் அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். மேல் திருகைத் தொட வேண்டாம். ஒயிலில் கலக்காத தண்ணீர் கனமானது என்பதால் அடியில் தங்கியிருக்கும். ஒயிலுக்கு முன் ஓரிரு துளி தண்ணீர் வந்தால் விடயம் தெரிந்துவிடும். வரும் சில துளியை வெள்ளைத் துணியில் பிடித்து நிறத்தைப் பாருங்கள்.

ஓடி வந்த உடனே பார்த்தால் ஏமாறக்கூடும். பல்லுகள் அடித்துக் கலக்கிய நுண்குமிழ்களால் நல்ல ஒயிலும் மங்கலாகத் தெரியும். ஐயம் இருந்தால் கண்ணாடிப் போத்தலில் பிடித்து இரவு முழுவதும் வையுங்கள். காற்று என்றால் தெளிந்துவிடும், தண்ணீர் என்றால் தெளியாது. இன்னும் உறுதி வேண்டுமானால், சூடாக்கிய தகர மூடியில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் சடசடவென்று வெடிக்கும். முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

மணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கியர் ஒயிலுக்கு இயல்பாகவே கந்தக மணம் உண்டு, புதுப் போத்தலைத் திறந்தாலும் அடிக்கும். அதைக் கருகல் என்று எண்ண வேண்டாம். கறுத்து, தீய்ந்த மணத்தோடு வந்தால் அது ஒயில் குறைவால் சூடேறியதன் அடையாளம்.

ஒலுவில் கடலோடி எழுதியது:

காக்கா, மணித்தியாலக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். நாட்காட்டியில் குறிக்கும் வழக்கத்தை எங்கள் கரையில் இருப்பவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் பருவக் கடைசியில் மாற்றுவதைப் பற்றி இங்கே இரு கருத்து இருக்கிறது. வாடைக் காலம் முழுவதும் எஞ்சின் வீட்டில்தான் கிடக்கப் போகிறது, அப்போது ஊற்றும் புது ஒயில் வீணாகத்தான் கிடக்கும், மாசியில் ஊற்றினால் போதும் என்று என் மச்சான் வாதிடுகிறார். மாதம் ஒருமுறை மாற்றுவதென்றால் செலவும் கூடுகிறது. அதையாவது மிச்சம் பிடிக்கலாம் என்பது அவருடைய நியாயம்.

வாழைச்சேனைத் திருத்துநர் எழுதியது:

உங்கள் மச்சானின் நியாயம் ஒயிலைப் பற்றியது. என் கவலை பெயாரிங்கைப் பற்றியது. ஓடும் எஞ்சினில் தண்ணீர் கலந்திருந்தாலும் ஒயில் எல்லாப் பக்கமும் தெறித்துக்கொண்டிருப்பதால் உலோகம் நனைந்தபடி இருக்கும். மூன்று நான்கு மாதம் அசையாமல் கிடக்கும் எஞ்சினில் தண்ணீர் பிரிந்து ஒரு மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்தில் எந்தப் பெயாரிங் உருளை இருக்கிறதோ, எந்தப் பல் இருக்கிறதோ அதில் துரு ஏறும். உப்புத் தண்ணீர் என்பதால் விரைவாக ஏறும். மாசியில் புது ஒயில் ஊற்றினாலும் அந்தத் துருப்புள்ளி போகாது. அது உரிந்து, உரிந்த துகள் மற்ற உருளைகளைத் தின்று, பருவத்தின் நடுவில் கியர்ப் பெட்டி ஊளையிடத் தொடங்கும்.

2022 இல் இந்தச் சேதத்தை நான் நிறையப் பார்த்தேன். மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டால் படகுகள் திட்டமில்லாமல் கரையேறின. நாளை கிடைக்கும், அடுத்த வாரம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் ஒருவரும் ஒயிலை இறக்கவில்லை. அந்த வருடம் ஆவணியில் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியதும், எண்ணெய் கிடைத்தும் பலரால் ஓட முடியவில்லை. திரும்ப ஓடத் தொடங்கியபோது, கிடப்பதற்கு முன் நன்றாக ஓடிய எஞ்சின்களின் பெயாரிங்குகள் துருப்பிடித்திருந்தன. தலைப்பகுதியில் ஒரு குறையும் இல்லை. கீழே மட்டும் சேதம்.

ஆகவே ஒரு தடவையை மிச்சம் பிடிப்பதாக இருந்தால் மாசி மாற்றத்தை விட்டுவிடுங்கள். ஐப்பசியில், எஞ்சினைக் கரையேற்றும் நாளிலேயே பழையதை இறக்கிப் புதிதை ஊற்றுங்கள். அப்போது ஒழுக்கு இருப்பது தெரிந்தால் திருத்துவதற்கு வாடைக் காலம் முழுவதும் கையில் இருக்கிறது. மாசியில் தெரிந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் திருத்துநரைத் தேடுவீர்கள். மாசியில் கீழ்த் திருகைத் தளர்த்தி நிறத்தை மட்டும் பார்த்தால் போதும், தெளிவாக இருந்தால் அதே ஒயிலோடு கடலுக்குப் போகலாம். கிடக்கும் காலத்தில் எஞ்சினை நிமிர்த்தியே வையுங்கள், அவ்வப்போது புரொப்பெல்லரைக் கையால் சில சுற்றுச் சுற்றிவிடுங்கள்.

கண்டல் காவலன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருத்தும் வேலையில் எனக்கு அறிவில்லை. ஆனால் இந்த இழையைப் படிக்கும்போது ஒரு கணக்கு மனதை அழுத்துகிறது. ஒவ்வொரு படகும் மாதம் ஒருமுறை கால் லீற்றர், அரை லீற்றர் என்று இறக்கினால், அந்தப் பழைய ஒயில் எங்கே போகிறது? எங்கள் வாவிக்கரையில், எஞ்சின் நிறுத்தும் இடங்களில் கண்டல் வேர்களைச் சுற்றி எண்ணெய்ப் படலம் கிடப்பதை நான் காண்கிறேன். இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒதுங்கி வளர்வது அந்த வேர்களுக்கிடையில்தான். கடலிலும் கரையோர நீரிலும் எண்ணெயை விடுவது 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசடைதல் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றமும் ஆகும். பால் நிறமாக வரும் ஒயிலைத் "தண்ணீர்தானே" என்று ஊற்றிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பாசிக்குடா படகுச்சேவை எழுதியது:

இது நியாயமான கேள்வி. நாங்கள் மூடியுள்ள கலனில் சேர்த்து வைத்து, பழைய ஒயில் சேகரிக்கும் வாகனத் திருத்தகத்துக்குக் கொடுக்கிறோம். தண்ணீர் கலந்ததைத் தனிக் கலனில் வைக்கச் சொல்கிறார்கள், கலந்துவிட்டால் முழுவதையும் எடுக்க மறுக்கிறார்கள். தனிப் படகுக்காரருக்கு இது சிரமம்தான். மீனவர் சங்கக் கட்டிடத்தின் பக்கத்தில் இரண்டு பீப்பாய் வைத்தால் ஒரு கரைக்கே போதும் என்பது என் எண்ணம்.

ஒலுவில் கடலோடி எழுதியது:

எங்கள் சங்கக் கூட்டத்தில் இதைக் கட்டாயம் பேசுகிறேன். இங்கே சிலர் பழைய ஒயிலை மரத் தோணிக்கும் வாடியின் கம்புகளுக்கும் பூசுவார்கள். அதையும் தண்ணீர்ப் பக்கத்தில் பூச வேண்டாம் என்று சொல்லலாம்.

நாவலடி வலைஞன் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று மெக்கானிக் ஒருவருடைய உதவியோடு அமுக்கச் சோதனை செய்தோம். நின்ற நிலையில் முள் அசையவில்லை. ஐயா சொன்னபடி ஷாஃப்டைச் சுழற்றியதும் முள் இறங்கத் தொடங்கியது. புரொப்பெல்லர் பக்கம் குமிழ் வந்தது. மற்ற மூன்று இடங்களும் நன்றாக இருக்கின்றன. ஷாஃப்டை நகத்தால் தடவிப் பார்த்தோம், பள்ளம் இல்லை. இரண்டு சீல்களையும் புதிதாகப் போட்டு மறுபடியும் காற்று ஏற்றியபோது, சுழற்றியும் முள் அப்படியே நின்றது. தண்ணீர்ப் பம்பையும் திறந்து பார்த்ததில் இம்பெல்லரின் இதழ்கள் வளைந்து இறுகியிருந்ததால் அதையும் மாற்றிவிட்டோம்.

இப்போது புது ஒயில் ஊற்றி 100 மணித்தியாலம் ஓடலாமா?

வாழைச்சேனைத் திருத்துநர் எழுதியது:

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் தம்பி. 100 மணித்தியாலம் இப்போது வேண்டாம். பழைய பால் ஒயிலில் ஒரு பகுதி பெயாரிங்குகளின் இடுக்கிலும் பெட்டியின் மூலைகளிலும் இன்னும் ஒட்டியிருக்கும். அதிலுள்ள உப்பும் அங்கேயே இருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவச் சிலர் சொல்வார்கள். முழுவதும் வடியாமல் தங்கிவிடும் மண்ணெண்ணெய் புது ஒயிலை இளக்கிவிடும் என்பதால் நான் அப்படிச் செய்வதில்லை. புது ஒயிலையே ஊற்றி, வாவிக்குள் அரை மணித்தியாலம் நடுத்தர வேகத்தில், முன் கியரிலும் இடையிடையே பின் கியரிலும் ஓடவிட்டு, சூடாக இருக்கும்போதே இறக்குங்கள். அது சற்று மங்கலாக வரும். மறுபடியும் புது வொஷர்களோடு புது ஒயில் ஊற்றி, அதன் பிறகு கடலுக்குப் போகலாம்.

10 மணித்தியாலம் ஓடியதும் காலையில் கீழ்த் திருகைத் தளர்த்திச் சில துளி பாருங்கள். தெளிவாக இருந்தால் அடுத்தது 50 இல் பாருங்கள், அப்போதும் தெளிவாக இருந்தால் 100 இல் மாற்றுங்கள். புரொப்பெல்லரை மட்டும் அதற்கெல்லாம் காத்திராமல், வலைத்தொழில் செய்யும்வரை வாரம் ஒருமுறையாவது கழற்றி நூல் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். திரும்பப் பூட்டும்போது ஷாஃப்டின் பல்வரிசையில் கடல் எஞ்சினுக்கான கிறீஸ் பூசி, புரொப்பெல்லர் நட் கழலாமல் பிடிக்கும் கொட்டர் பின்னைப் புதிதாகப் போடுங்கள். 10 மணித்தியாலத்தில் என்ன நிறம் வந்தது என்பதை இந்த இழையிலேயே எழுதுங்கள்.

நாவலடி வலைஞன் எழுதியது:

அப்படியே செய்கிறேன் ஐயா. நாளைக்கு வாவியில் ஓடவிட்டு இறக்கப் போகிறோம். பத்து மணித்தியாலம் முடிந்ததும் துணியில் பிடித்த ஒயிலின் படத்தோடு எழுதுகிறேன்.